இரட்டை லயமும் எதிர்ச்சடப்பொருளும்

பதுளையில் பின்னேர மழை பிடித்தால் எனக்கு முதலில் வியர்ப்பது உள்ளங்கால். பிறகு கை தானாகப் போய் போனைத் தேடும். பக்கத்து வீட்டார் கொடியில் காயும் துணியை அள்ள ஓடும் நேரத்தில், பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு, “அங்க மழையா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

“இல்லடா, நல்லா வெயிலடிக்குது” என்பாள்.

அது இன்னும் மோசமான செய்தி. இனிமேல்தான் வரப்போகிறது என்று அர்த்தம்.

“மழ அங்க பேஞ்சா நீங்க இங்க நனையுறீங்க” என்பது என் மனைவியின் தீர்ப்பு. “அக்கா நிம்மதியா ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கும். நீங்க போன் போட்டுப் போட்டு அதையும் கருக விட்டுருவீங்க.”

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். தலை பாதி நரைத்துவிட்டது. நக்கல்காரன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரால் எனக்கு ஒரு நன்மையும் கிடைத்ததில்லை. நான் உண்மையாகவே பயந்து நடுங்கினாலும், எதிரில் இருப்பவர் அடுத்து வரப்போகும் பகிடிக்காகப் பல்லைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அக்கா இருப்பது நாங்கள் பிறந்த அதே ஒற்றையறைக் காம்பராவில். அதை இரட்டை லயம் என்பார்கள். மேலே ஒரே கூரை. நடுவே நீளமாக ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசைக் காம்பரா, அந்தப் பக்கம் ஒரு வரிசை. சண்டை போட்டுக்கொண்டு படுத்த புருசன் பெண்டாட்டி மாதிரி முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கம் பள்ளத்தைப் பார்க்கும். காலை வெயில் முன் திண்ணையான இஸ்தோப்பு வரை வரும். அந்தப் பக்கம் மலையைப் பார்க்கும். கதவைத் திறந்தால் மழைத்தண்ணீர் ஓடும் கான், கானுக்கு மேல் மண்மேடு, மண்மேட்டுக்கு மேல் தேயிலை. எங்கள் அடுப்பு சுவரின் இடது மூலையில் இருந்தால், அவர்கள் அடுப்பு அதே சுவரின் வலது மூலையில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்துக் கட்டியதைப் போல.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் எனக்கு மதினி முறை. இரத்த சம்பந்தம் ஒன்றுமில்லை; லயத்தில் முறை வைத்துக் கூப்பிட இரத்தம் தேவைப்படுவதில்லை. மதினி என்றால் கொழுந்தனைக் கேலி செய்யும் உரிமை உள்ளவள். அவள் அந்த உரிமையில் ஒரு துளியையும் வீணாக்கியதில்லை. நான் அக்காவைப் பார்க்கப் போனால், லயத்தைச் சுற்றிப் போய் மதினி வீட்டிலும் பால் விடாத ஒரு பிளேன்டி குடிக்க வேண்டும். அதில் சீனி இருக்கும் அல்லது உப்பு இருக்கும். எப்போது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வாயில் ஊற்றி முகத்தைச் சுளிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பாள்.

“என்னா கொழுந்தனாரே, படிச்ச நாக்குக்கும் உப்பு கரிக்குதா?”

அவள் சிரிக்கும் சத்தத்துக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சுவர் எதையும் மறைத்ததில்லை. தேங்காய் தேவையென்றால் தட்டுவார்கள், வயிற்றுவலி என்றால் தட்டுவார்கள். மழை நாளில் மலைப்பக்கத்துக் கானில் தண்ணீர் மண் கலங்கி வந்தால், மதினி கரண்டிக் காம்பால் விடாமல் தட்டுவாள். உடனே அக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். இரண்டு பேரும் கோயிலடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மழை விடும் வரை என்னைப் பற்றி ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மண்மேட்டில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. ஒரு கால் உள்ளே போகும் அகலம். பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். மேல் ரோட்டில் வண்டியை நிறுத்தி, வெடிப்பை அளந்து, மலைப்பக்கத்துக் கதவுகள் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்டால் ஒரு வட்டம் போட்டார்கள். சிவப்பு வட்டம் போட்டால், அந்த வீட்டுக்காரர் மண்சரிவு ஆபத்தில் இருக்கிறார், வேறு இடத்தில் அவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்துக் கதவுகளைப் பார்க்க வேண்டுமானால் லயத்தைச் சுற்றித் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வழியாக வழுக்குப் படியில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. சப்பாத்து புதிதாக இருந்திருக்கும்.

அன்று அக்காதான் எனக்குப் போன் போட்டாள்.

“மதினி வீட்டுக் கதவுக்குப் பொட்டு வச்சுட்டாங்கடா. ஒரே சந்தோசம் அவளுக்கு.”

“ஒனக்கு?”

“நமக்கு என்னா? நாம கீழ்ப்பக்கம். மல நம்ம வீட்டுக்கு வரணும்னா மதினிக்கிட்ட கேட்டுட்டுத்தான வரணும்.”

பகிடி எங்கள் குடும்ப வியாதி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காம்பராவைப் பூட்டிவிட்டு என்னோடு பதுளைக்கு வந்துவிடு என்றேன்.

“பூட்டிட்டு வந்தா ஆளில்லன்னு வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க. அப்பறம் வீடு குடுக்குற அன்னைக்கு நான் போயி நின்னா, நீ யாரும்மான்னு கேப்பான். ஆயுசு பூரா இந்த மலையில கொழுந்தெடுத்துட்டு, ஒன் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்து நான் என்னாடா செய்ய?”

எனக்கு வேண்டியது ஒரு வட்டம். அக்காவின் கதவில் ஒரு சிவப்பு வட்டம். அது விழுந்தால் அவள் இறங்கி வருவாள். விழாவிட்டால் மலையே வந்தாலும் வரமாட்டாள்.

அதே வாரத்தில் பள்ளிக்கூடத்து விஞ்ஞான தினப் பேச்சும் என் தலையில் விழுந்திருந்தது. அதிபர், “டெங்கு பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்கு உதவும்” என்றார். நான் பிரபஞ்சத்தில் ஏன் சடப்பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பேசப்போவதாகச் சொன்னேன். “அது யாருக்கு உதவும்?” என்று கேட்டார். யாருக்கும் உதவாது என்பதால்தான் எனக்கு அது பிடித்திருந்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

விசயம் சுருக்கமாக இதுதான். ஒவ்வொரு துணிக்கைக்கும், அதாவது அணுவுக்குள் இருக்கும் துகளுக்கும், ஓர் எதிர்த்துணிக்கை உண்டு. இலத்திரனுக்குப் பொசித்திரன். திணிவு, அதாவது நிறை, ஒன்றே; மின்னேற்றம் எதிர். இரண்டும் சந்தித்தால் இரண்டும் இல்லாமல் போகும். மிஞ்சுவது வெளிச்சம் மட்டும். பிரபஞ்சம் தொடங்கியபோது சடப்பொருளும் எதிர்ச்சடப்பொருளும் சமமாகப் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் சமமாக அழிந்தும் இருக்க வேண்டும். நட்சத்திரம் இருக்காது, நமுனுகுலை மலை இருக்காது, மலையில் தேயிலை இருக்காது, தேயிலைக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களும் இருக்கமாட்டார்கள். ஆனால் இருக்கிறோம். ஏறத்தாழ நூறு கோடி ஜோடிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபோது, ஜோடியில்லாமல் ஒன்று மிஞ்சியது. அந்த மிச்சத்தில்தான் இத்தனையும் ஆகியிருக்கிறது.

மிச்சம் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு வைத்துக்கொண்டன. ஒரே காம்பராவில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். போனவர்கள் போக மிஞ்சியவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

சடப்பொருள் ஏன் மிஞ்சியது என்பதற்கு இன்னும் விடையில்லை. துணிக்கையை எதிர்த்துணிக்கையாக மாற்றி, கூடவே இடத்தை வலமாக்கிக் கண்ணாடியில் பார்த்தாலும் இயற்கை அதேபோலத்தான் நடந்துகொள்ளும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இரட்டை லயத்தில் பிறந்தவனுக்கு அந்த நம்பிக்கை தானாக வரும். சோதித்துப் பார்த்தபோது, சில துணிக்கைகள் சிதையும் விதத்தில் இயற்கை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்வது தெரிந்தது. ஆனால் அந்தச் சாய்வைக் கொண்டு இத்தனை நட்சத்திரங்களுக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அது மிகமிகக் குறைவு.

அதனால் புதிய சமச்சீர்களைத் தேடிப் போகிறார்கள். நாம் அறிந்த விசைகளுக்கு மேலே இன்னொரு பெரிய சமச்சீர் தொடக்கத்தில் இருந்திருக்கலாம், பிரபஞ்சம் சூடு தணியும்போது அது உடைந்திருக்கலாம் என்பது ஒரு யோசனை. அப்படி உடைந்த காலத்தில், நியூத்திரினோவின் பாரமான உறவுக்காரத் துணிக்கைகள் சில வாழ்ந்து மறைந்திருக்கும். மறையும்போது எதிர்ப்பக்கத்தை விட நம் பக்கத்துக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுவிட்டுப் போயிருக்கும். இன்னொரு யோசனை, சமநிலை கெடவே இல்லை என்கிறது. நம் பக்கம் கூடிய அளவுக்கு எதிர்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இருண்ட சடப்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் சரியாக இருக்கும். நாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது இந்த யோசனைதான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கரண்டிக் காம்போடு நிற்கிறார்கள் என்ற ஆறுதல். இரண்டு யோசனைக்கும் இன்றுவரை சான்று கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேச்சு நன்றாகவே போனது. சிரிக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அதுதான் எனக்குக் கெடுதலாக முடிந்தது.

ஏனென்றால் மறுநாள் தோட்டத்தில் கூட்டம். சிவப்பு வட்டம் போட்ட அதிகாரி பிள்ளைக்காம்பராவுக்கு வருகிறார், குறை இருப்பவர்கள் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பெரியவர்களுக்கான ஒரே கதிரையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கிடைத்தது பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. சுவரில் வரைந்திருந்த ஒரு மஞ்சள் தாரா வாத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீற்றுக்குப் போகும் வரை சொல்லிப் பார்த்தேன். மண் கூரை முகட்டோடு நிற்காது, மேல் வரிசையைத் தள்ளினால் கீழ் வரிசையையும் சேர்த்துத்தான் தள்ளும், இங்கேயும் வட்டம் போடுங்கள். மூன்று வசனம்.

என் முறை வந்தது. எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. லயமே சிரித்தது. நான் நாற்காலியைப் பின்பக்கத்திலிருந்து கழற்றி வைத்தபோது அந்த மூன்று வசனமும் கழன்று எங்கோ விழுந்துவிட்டன. வெளியே தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்தது. உள்ளங்கால் வியர்த்தது. வாயிலிருந்து வந்தது நேற்றைய பேச்சு.

“ஐயா, இது சமச்சீரான லயம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடி போல” என்று தொடங்கினேன். நிறுத்தத் தெரியவில்லை. பயந்தவன் ஓடுவான், ஓட முடியாதவன் பேசுவான். இலத்திரன் வந்தது, பொசித்திரன் வந்தது. பிரபஞ்சம் பிறந்தது.

“ஆரம்பிச்சுட்டாருடி கொழுந்தனாரு! இன்னைக்கு ஒல பொங்குன மாதிரிதான்!” என்றாள் மதினி. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரியும் சிரித்தார். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“சேர் சொல்வது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றுதானே?”

“ஒரு வித்தியாசமும் இல்லை ஐயா! ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு வேறொன்று என்று இருக்கவே முடியாது!”

“நியாயம்தான். அது எங்கள் பிழை. சரிசெய்கிறோம்.”

கைதட்டினார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பட்டம் வாங்கிய அன்றும் பார்த்ததில்லை. திரும்பும்போது மதினி வாசலில் பிளேன்டி கொடுத்தாள். உப்பு. துப்பாமல் முழுவதையும் குடித்தேன். வெற்றி பெற்றவனுக்கு எதுவும் இனிக்கும்.

அடுத்த வாரம் மூன்றாம் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது அக்காவின் போன்.

“வந்தாங்கடா. இந்தத் தடவ நம்ம பக்கமும் எறங்கி வந்தாங்க.”

“போட்டாங்களா?”

“தரையப் பாத்தாங்க, செவத்தத் தட்டிப் பாத்தாங்க. ஒரு கீறலும் இல்லயாம், நல்ல உறுதியா இருக்காம். அப்பறம் மேல போனாங்க.” சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமலிருக்கக் குரலைத் தாழ்த்தினாள். “சாம்பக் கலரு பெயின்ட்டு கொண்டாந்துருந்தாங்க. மதினி கதவுல இருந்த வட்டத்த அடிச்சு மறைச்சுட்டுப் போயிட்டாங்க. எல்லாக் கதவுலயுந்தான்.”

அரை நாள் லீவு போட்டுவிட்டு மண்சரிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி எழுந்து வரவேற்றார். ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே கட்டடம் என்றார். கீழ்ப்பக்கம் உறுதியாக இருக்கிறது என்றார். அப்படியானால் மேல்பக்கத்தை மட்டும் ஆபத்து என்று எப்படி எழுதுவது? மறு ஆய்வு வரும், அதுவரை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும் என்றார். கடைசியில் மிக மரியாதையாக, “நீங்கள்தானே சேர் சொன்னீர்கள்” என்றார்.

நான்தான் சொன்னேன். வருசா வருசம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன்தான் சொன்னேன். இரண்டு பக்கமும் சமம் என்று மட்டும்தான் சமச்சீர் சொல்லும். எவ்வளவுக்குச் சமம் என்று ஒருநாளும் சொல்லாது. ஒன்றுக்கு ஒன்று என்றாலும் சமம்தான். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்றாலும் சமம்தான். இயற்கைக்கு இதில் இலகுவானது இரண்டாவது, அலுவலகத்துக்கும் அதுதான். பிரபஞ்சம் தப்பித்தது அதன் தொடக்கத்தில் சமம் கேட்டு மனுப்போட ஒரு பௌதிக வாத்தியார் இல்லாததால்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அக்கா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். நான் சாப்பிடவில்லை. வழக்கமாக என்னைத் திட்டித் திட்டி ஊட்டுகிறவள், தட்டை மூடி வைத்தாள்.

“அக்கா, ரெண்டு பேருக்கும் கெடைக்கணும்னுதான் நான்...”

“தெரியும்டா.”

“மறுபடியும் வந்து பாப்பாங்க. நான் விடமாட்டேன்.”

“சரி.” அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பொட்டு வச்ச அன்னைக்கே மதினி செவத்தத் தட்டிச் சொன்னா. எனக்கு வீடு குடுத்தா நீ என்னாத்துக்கு இங்க கெடக்குற, மழ நாளைக்கு எங்கூட வந்து படு, காம்பராவையும் விட்டதா ஆகாதுன்னா. நானும் சரின்னேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ எங்கடா கேட்ட? மழையான்னுதான கேப்ப.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வட்டம் போதுமாக இருந்தது. ஒரு பக்கத்துக்குக் கிடைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மலையிலிருந்து இறங்க ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். ஜோடியில்லாமல் மிஞ்சிய ஒன்றில்தான் எல்லாம் நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு மைக் பிடித்துச் சொல்லிவிட்டு, மறுநாளே வந்து அந்த ஒன்றையும் கழித்துக் கணக்கைச் சரிசெய்து கொடுத்தவன் நான்.

மதினி வீட்டுக்குப் போகாமல் திரும்ப மனம் வரவில்லை. லயத்தைச் சுற்றிப் போனேன். கதவில் சாம்பல் நிறம் இன்னும் பளபளத்தது. அவசரத்தில் அடித்ததால் அடியில் வட்டத்தின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. மண்மேட்டில் வெடிப்பு அதே இடத்தில் இருந்தது. யாரோ அதற்குள் தண்ணீர் இறங்காமல் பழைய உரப்பையை விரித்துக் கல் வைத்திருந்தார்கள்.

மதினி கானில் சேர்ந்த மண்ணை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன்.

“வாங்க சேர்” என்றாள். “உக்காருங்க.”

கதிரையைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போனாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது கையில் பீரிசுத் தட்டோடு கோப்பை இருந்தது. தோட்டத்துத் தொரையோ சங்கத் தலைவரோ வந்தால் எடுக்கும் கோப்பை. அதில் எனக்கு இதுவரை தந்ததில்லை.

அவள் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. கொடுத்துவிட்டு மறுபடியும் கானுக்குள் இறங்கி மண்ணை வாரத் தொடங்கினாள். நான் ஒரு வாய் குடித்தேன். நம்பாமல் இன்னொரு வாய் குடித்தேன்.

சீனி சரியாக இருந்தது.